தெப்பக்குளத்துச் சந்நியாசிகள்

நான் பல வருஷம் மீன் பிடித்தவன். ஒரு மீனைக்கூடத் தின்றதில்லை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் காலத்து மயிலாப்பூரில் வாசிக்கத் தெரியாமல் வீணை வாங்கி மாட்டிவைத்திருந்த வீடுகள் எத்தனையோ இருந்தன. அவற்றைப் பார்த்து யாரும் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நாங்கள் ஐந்தாறு பேர். எல்லாரும் மாட வீதிகளைச் சுற்றிக் குடியிருந்தவர்கள், எல்லாரும் சைவச் சாப்பாட்டுக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மாம்பலம் ஏரிக்குக் கிளம்பிவிடுவோம். இப்போது தியாகராய நகர் என்கிறார்களே, அதில் பெரும்பகுதி அப்போது தண்ணீர். இன்றைக்கு அங்கே பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் எங்கள் ஏரியின் ஆழமான இடத்தில் நிற்கிறார்கள், பாவம், அவர்களுக்குத் தெரியாது. எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் ஒரு வக்கீல். கோர்ட்டில் அவருக்கு வேலை குறைவு, அதனால் ஆராய்ச்சிக்கு நேரம் நிறைய. நான் லஸ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

அடையாற்றில் தூண்டில் போடும் துரைமார்கள் மீன் இனத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்று வக்கீல் எங்கோ கேட்டுவிட்டு வந்தார். குஞ்சு மீன் மாட்டினால் திருப்பி விட்டுவிடுகிறார்களாம். முட்டையிடும் காலத்தில் தூண்டிலையே தொடுவதில்லையாம். மீன் எங்கே தங்குகிறது, எதைத் தின்கிறது என்றெல்லாம் ஆராய்ந்து எழுதிவைக்கிறார்களாம். "அவன் குஞ்சை மட்டும் திருப்பி விடறான், வாத்தியாரே. நாம அத்தனையையும் திருப்பி விடுவோம். இப்போ யார் ஒசத்தி?" என்றார் வக்கீல். மறு ஞாயிறுக்குள் ஆளுக்கொரு தூண்டில் வாங்கிவிட்டோம்.

வெளியில் சொன்ன காரணம் அது. உள்ளே இருந்த காரணம், எங்கள் எல்லார் வீட்டிலும் ஜனம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் வேலை சொல்வார்கள், வேலை சொல்லாதவர்கள் குறை சொல்வார்கள். ஏரிக்கரையில் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அதற்கு ஆராய்ச்சி என்று ஒரு பெயரும் இருந்தது.

என் மனைவி இதற்குச் சம்மதித்தது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில். "பிடிச்சுத் தொலையுங்கோ. ஆனா ஒரு மீன் செத்துதுன்னு என் காதுல விழுந்துதோ, அப்புறம் நீங்க ஆத்து வாசப்படி தாண்டி உள்ள வரப்படாது. சொல்லிட்டேன்" என்றாள். அவளுக்கு மீன்கள்மேல் இருந்த அக்கறைக்கும் வேறொரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த விவகாரம் விளங்காது.

எங்கள் வீட்டில் அண்ணாக்கள், மன்னிகள், அவர்கள் பெற்ற பட்டாளம், எல்லாருக்கும் மேலே என் அம்மா. அடுக்களையில் திரும்பினால் ஒருத்தர்மேல் ஒருத்தர் இடித்துக்கொள்ள வேண்டும். கும்பகோணத்திலிருந்து வந்த என் மனைவிக்கு அந்த வீட்டில் தனியாக நின்று ஒரு பெருமூச்சு விடக்கூட மூலை கிடையாது. அவள் வாசற்படி தாண்டுவதற்கு அம்மா அனுமதித்த காரியம் ஒன்றே ஒன்று: சாயங்காலம் கோயில் தெப்பக்குளத்துக்குப் போய் மீனுக்குப் பொரி போடுவது. அது புண்ணியம். புண்ணியத்தை யார் தடுப்பது? விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. இல்லாவிட்டால் கூடவே போயிருப்பாள்.

இருபத்துநாலு மணி நேரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் என் மனைவியுடையது. பொரியை அள்ளிப் போட்டால் கெண்டைகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு படி வரைக்கும் வரும். அவள் அவற்றோடு பேசுவாள் என்று கேள்வி. மன்னிகளைப் பற்றித்தான் பேசியிருப்பாள். கெண்டைகள் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

எங்கள் ஆராய்ச்சிக்கு வருகிறேன். தூண்டில் முள்ளில் எதைக் குத்துவது என்ற கேள்வி முதல் நாளே வந்தது. மண்புழு என்று யாரோ சொல்லிவிட்டார். வக்கீல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "புழுவைக் குத்தறதாவது! சிவ சிவா! மீனைக் காப்பாத்தப் போறவன் புழுவைக் கொல்றதா? என்னய்யா நியாயம் இது?" ஆகவே அரிசி மாவும் வெல்லமும் பிசைந்த உருண்டை. பிறகு அதில் ஒரு சிட்டிகை பெருங்காயம் சேர்த்தால் கெண்டை இன்னும் சுறுசுறுப்பாக வருகிறது என்று கண்டுபிடித்தார். முள்ளின் எதிர்க்கொக்கியை அரத்தால் ராவி மழுக்கியிருந்தோம், மீன் வாய் கிழியாமல் இருக்க. பிடித்ததை ஈரத் துணியில் வைத்து அளந்து, உடனே தண்ணீரில் விட்டுவிடுவோம். ஏரியின் ஆழத்தை முடிச்சுப் போட்ட கயிற்றால் பார்த்தோம். குஞ்சுகள் ஒதுங்க இடம் வேண்டுமென்று கரையோரம் பனையோலையைக் கட்டுக் கட்டாக அமிழ்த்தி வைத்தோம். இதையெல்லாம் கேலியாகச் சொல்லவில்லை. அவ்வளவு சிரத்தையாக நான் பள்ளிக்கூடத்தில்கூட வேலை செய்ததில்லை.

மாவைப் போட்டோம், கெண்டை வந்தது. மறுபடி மாவைப் போட்டோம், மறுபடி கெண்டை வந்தது. இப்படிப் பல வருஷம் ஆராய்ந்த பிறகு வக்கீல் ஒரு கட்டுரை எழுதி எங்கள் பேட்டை சபாவில் வாசித்தார். தலைப்பு, "மாம்பலம் ஏரி மீன்கள் யாவும் சைவமே". கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஏரிக்கே நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று எல்லாருக்கும் வாயெல்லாம் பல். எல்லாரும் என்றால் நானும்தான்.

ஒரே ஒரு மீன் மட்டும் எங்களுக்குப் பிடி கொடுக்கவில்லை. கறுப்பாக, உருண்டையாக, பாம்புத் தலையோடு தண்ணீருக்கு மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போய்விடும். மாவை அதன் மூக்குக்கு நேரே போட்டாலும் ஏறெடுத்துப் பார்க்காது. வெல்லமாவது, பெருங்காயமாவது! வக்கீல் இதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். "மத்ததெல்லாம் சைவம். இது அதுக்கும் மேலே. காத்தை மட்டும் குடிச்சுண்டு தபஸ் பண்றது. ஆசையை ஜெயிச்ச ஜீவன், ஓய்!" அன்றிலிருந்து அதற்குச் சந்நியாசி என்று பெயர் வைத்தோம். அது தலைகாட்டினால் தூண்டிலைத் தரையில் வைத்துவிடுவார் வக்கீல், மரியாதைக்கு.

பிறகு ஏரியைத் தூர்த்து வீட்டு மனை போடப் போகிறார்கள் என்று சேதி வந்தது. எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. வீட்டில் சொன்னால் "மனை ஒண்ணு வாங்கிப் போடேன்டா" என்பார்கள், ஆகையால் சொல்லவில்லை. ஏரியை எங்களால் காப்பாற்ற முடியாது. மீனையாவது காப்பாற்றலாம் அல்லவா? அதைத் தெப்பக்குளத்தில் விட்டுவிடுவது என்று தீர்மானித்தோம். அங்கே யாரும் வலை வீசக் கூடாது, தூண்டில் போடக் கூடாது. மீனுக்கு அதைவிடப் பத்திரமான இடம் பட்டணத்திலேயே கிடையாது. நாங்களும் இனிமேல் அந்த மீன்களைப் பிடிக்க முடியாது என்பது தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் யாருக்கோ உறைத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் வக்கீல், "தியாகம்னா பின்னே என்ன?" என்று அடக்கிவிட்டார்.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. "மெய்யாவா? இன்னும் நெறைய மீன் வருமா? அப்போ நெறையப் பொரி வேணும், நாழியாகும்னு உங்கம்மாட்ட சொல்லலாமோல்லியோ?" என்றாள்.

கோயில் தர்மகர்த்தாவிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அவரைப் பார்க்க யார் போவது என்று ஒரு கூட்டம், என்ன பேசுவது என்று ஒரு கூட்டம், அவர் ஊரில் இல்லை என்று அறிந்து வருத்தப்பட ஒரு கூட்டம். நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம், ஏரித் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. சித்திரை வெயில். அனுமதி கிடைத்துக் குடத்தையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு ஓடினபோது ஏரி வெடித்துப் போய்க் கிடந்தது. நடுவில் ஒரு சேற்றுக் குட்டை. கெண்டைகளெல்லாம் எப்போதோ செத்துக் கருவாடாகிவிட்டன. நாங்கள் அளந்து அளந்து விட்ட மீன்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது; இதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்றும் தீர்மானித்துக்கொண்டேன். வக்கீல் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆனால் சேற்றுக்குள் ஏதோ நெளிந்தது. சந்நியாசிகள்! அத்தனை பேரும் உயிரோடு! "பார்த்தேளா! பார்த்தேளா! தபோபலம்!" என்று வக்கீல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் குதித்தார்.

ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஒரு மாட்டு வண்டியைப் பேசி அழைத்து வந்திருந்தோம். வண்டிக்காரன் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா சாமி, இத்த எத்துக்கினு போயி கொளத்துலயா வுடப்போறீங்க? விராலு சாமி இது! மொளகா அரைச்சு ஊத்தி, புளி கரைச்சுக் கொயம்பு வெச்சா, அட அட அடா!"

"நாங்க இதைச் சந்நியாசின்னு சொல்றோம்" என்றார் வக்கீல் விறைப்பாக.

"சந்நியாசியோ சம்சாரியோ, கொயம்புல போட்டா எல்லாம் ஒண்ணுதான் நைனா" என்று சொல்லிவிட்டு, வழி பூராவும் திரும்பித் திரும்பி அண்டாவையே பார்த்துக்கொண்டு வந்தான். ஆழ்வார்பேட்டை தாண்டுகிறவரைக்கும் பெருமூச்சு விட்டான்.

தெப்பக்குளத்தில் விட்டோம். வக்கீல் படியில் நின்று, தூண்டில் பிடிப்பவர்களே மீன் இனத்துக்கு உண்மையான காவலர்கள் என்று ஒரு பிரசங்கம் செய்தார். நல்ல கூட்டம். சுண்டல் விநியோகம் நடந்தது.

ஆடி மாதம் வாக்கில் என் மனைவி, "ஏன்னா, கொஞ்ச நாளா மீன் கம்மியாத்தான் வரது" என்றாள். ஆவணியில், "பொரி மெதந்துண்டே கெடக்கு, ஒண்ணும் வாயை வைக்கலை" என்றாள். புரட்டாசியில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேரே வக்கீல் வீட்டுக்குப் போனேன்.

அவர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். முகத்தில் ஈயாடவில்லை. மடியில் மீன்களைப் பற்றிய ஒரு தடித்த இங்கிலீஷ் புஸ்தகம். பல வருஷமாக அவர் அலமாரியில் இருந்த புஸ்தகம்தான். எங்களுக்குக் கெண்டை மட்டுமே மாட்டியதால், கெண்டையைப் பற்றிய அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டிருந்தோம். அன்றுதான் பக்கத்தைப் புரட்டியிருக்கிறார்.

"வாத்தியாரே, சந்நியாசி காத்தைக் குடிக்கறது வாஸ்தவம்தான்" என்றார் ஈனஸ்வரத்தில். "ஆனா ஆகாரம் அது இல்லையாம். தவளை தின்கிறதாம். புழு தின்கிறதாம்." புஸ்தகத்தை மூடிவைத்தார். "கெண்டை தின்கிறதாம்."

மாவுக்கு வராததால் அது எதையும் தின்னாது என்று நினைத்துவிட்டோம். எங்களுக்கு அதற்கு மேல் தோன்றவில்லை. எங்கள் வீடுகளில் சாப்பாடு என்றால் மாவும் வெல்லமும் பெருங்காயமும்தானே!

மீதி மீன்கள் அடியிலே பதுங்கிவிட்டன, மேலே வருவதில்லை. சந்நியாசிகளைப் பிடித்து வெளியேற்றலாம் என்றால் குளத்தில் தூண்டில் போடக் கூடாது. போட அனுமதித்தாலும் தவளையைக் குத்த வேண்டும். எங்களில் யார் குத்துவது? வக்கீல் மறுபடியும் கூட்டம் போட வேண்டும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க கூட்டமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் குளத்துக்குப் போய்ப் பார்த்தேன். என் மனைவி கீழ்ப்படியில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பொரி. ஒவ்வொரு பிடியாக எடுத்து அவளே தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அவள் வெட்கப்படவில்லை.

"மீன் வரலேன்னா என்ன? குளம் இருக்கு, காத்து இருக்கு, பொரி இருக்கு. ஆத்துல போய் ஒளறி வைக்காதேங்கோ. மீன் இல்லேன்னு தெரிஞ்சா உங்கம்மா என்னை விடுவாளா? எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்கென்ன, ஏரி போனா அடையாறுன்னு கெளம்பிட்டேள்."

வாஸ்தவம். நாங்கள் ஏற்கெனவே அடையாற்றங்கரையில் இடம் பார்த்து வைத்துவிட்டோம். அவளுக்கு எங்கே போய் இடம் பார்ப்பது? நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி பொரி வாங்கித் தின்றேன்.

அதன் பிறகு அம்மா கேட்கும்போதெல்லாம் நான் சாட்சி சொன்னேன். "மீனெல்லாம் வரதாடா?" "ஏகப்பட்டது வரதும்மா. துள்றது." வீட்டில் மீன் விஷயத்தில் என் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. நான் ஆராய்ச்சிக்காரன் அல்லவா?

கார்த்திகையில் குட்டு வெளிப்பட இருந்தது. அடுத்த தெரு மாமி ஒருத்தி வந்து அப்பளம் இட்டுக்கொண்டே, "குளத்துல மீனே இல்லையாமே" என்று போட்டு உடைத்துவிட்டாள். அம்மா குழவியை நிறுத்தினாள். என் மனைவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மீன் இல்லேன்னா இவ தெனம் எங்கே போறா? நாளைக்கு நான் வந்து பாக்கறேன். முழங்கால் கெடக்கு, ரிக்ஷா வைடா."

அன்று என் மனைவி சாப்பிடவில்லை. "நாளையோட சரி" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை.

மறுநாள் மூன்று பேரும் போனோம். மழைக்குப் பிறகு குளம் நிறைந்து இருந்தது. அம்மா மேல்படியில் ஒரு கையை என் தோளில் ஊன்றி நின்றாள். "போடு, பார்ப்போம்" என்றாள். என் மனைவி பொரியை அள்ளிப் போட்டாள். மிதந்தது. இன்னொரு பிடி. அதுவும் மிதந்தது. நான் மனசுக்குள் அத்தனை தெய்வத்தையும் கூப்பிட்டேன், கூடவே வக்கீலைத் திட்டினேன். அம்மா தொண்டையைக் கனைத்தாள்.

அப்போது படி ஓரமாகத் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. சிவப்புச் சிவப்பாக, விரல் நகம் அளவில், நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் ஒரே திரளாக மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்தன. கீழே இரண்டு கறுப்புத் தலைகள் காவலுக்கு வட்டமிட்டன. எங்கள் சந்நியாசிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"அடியம்மா! குங்குமத்தைக் கொட்டினாப்பல இருக்கே!" என்று அம்மா என் தோளை விட்டுவிட்டு இரண்டு படி தானே இறங்கிவிட்டாள். "எத்தனை குஞ்சு! எத்தனை குஞ்சு! இதைப் போய் மீனே இல்லேன்னாளே அந்தப் புளுகுணி!" பொரியை வாங்கித் தானே தூவினாள். குஞ்சுகள் அதைத் தொடவில்லை. அம்மா அதற்கும் சமாதானம் சொன்னாள். "வாய் சின்னதோல்லியோ, பாவம். நாளைக்கு நொய்யாப் பொடிச்சு எடுத்துண்டு வரணும்."

எனக்கு உயிர் வந்தது. வக்கீலிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும், நாம் காப்பாற்றிய இனம் பல்கிப் பெருகிவிட்டது, உம்முடைய ஆராய்ச்சி பலித்துவிட்டது என்று. அவர் இன்னொரு கட்டுரை வாசிக்கலாம். சிரித்துக்கொண்டே என் மனைவியின் பக்கம் திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. என் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் பூரிப்பு.

"ஏண்டி, இத்தனை நாளா இதை நீ மட்டும் பாத்துண்டிருந்தியா? நாளைலேர்ந்து நானும் வரேன். மழையோ வெயிலோ, ஒரு நாள் விடப்படாது. உன் மன்னிமார்களையும் கூட்டிண்டு வருவோம்."

வந்தார்கள். வரிசையாக எல்லாரும் வந்தார்கள். அம்மாவின் முழங்கால் வலி எங்கே போனதென்று வைத்தியருக்கே புரியவில்லை. குளத்துப் படியிலும் வீட்டுப் பேச்சுதான், அடுக்களை நெரிசல்தான்.

அம்மா குஞ்சுகளைப் பார்த்த அந்த முதல் நாள் வீடு திரும்பும்போது, அம்மாவின் ரிக்ஷாவுக்குப் பின்னால் நாங்கள் இருவரும் நடந்து வந்தோம். தெற்கு மாட வீதி திரும்பும்போது என் மனைவி காலிப் பொரிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மீன் செத்தா ஆத்துக்குள்ள வரப்படாதுன்னு உங்ககிட்ட கண்டிஷன் போட்டேன்" என்றாள். "பொழைச்சா என்ன பண்றதுன்னு அன்னிக்கு நான் யோசிக்கலை."